தடிக்குள் இருக்கும் கத்தியை நடைப்பயிற்சிக்கு எடுத்துச் செல்லலாமா?

கேள்வி: ஏற்காட்டுக் காபித் தோட்டம் ஒன்றில் ரைட்டராக இருந்த என் மாமனாரின் பொருள்களைப் பரணிலிருந்து இறக்கியபோது ஒரு கைத்தடி கிடைத்தது. பிடியைத் திருகி இழுத்தால் உள்ளிருந்து ஒரு முழத்துக்கும் மேல் நீளமான கத்தி வருகிறது. எனக்கு வயது 68. விடியற்காலை ஐந்து மணிக்கு மனைவியுடன் நடக்கச் செல்கிறேன். தெருநாய்களும் சங்கிலிப் பறிப்புச் செய்திகளும் அச்சம் தருவதால் இதைப் பாதுகாப்புக்காக வைத்துக்கொள்ளலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: வேண்டாம் ஐயா. சட்டம் ஒரு காரணம். அதைப் பிறகு சொல்கிறேன். அந்தத் தடி செய்யப்பட்டிருக்கும் விதமே முதல் காரணம்.

ஐரோப்பாவில் இடுப்பில் வாள் தொங்கவிடும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டில் மறையத் தொடங்கியபோது, வாளை விட மனமில்லாத கனவான்கள் அதைத் தடிக்குள் மறைத்துக்கொண்டார்கள். வட இந்தியாவில் இவ்வகைத் தடிக்குக் குப்தி என்று பெயர். இப்படியொரு தடியை நண்பர் வீட்டில் நானே கையாண்டு பார்த்திருக்கிறேன். ஈரம் உறைக்குள் இறங்கி, இரும்பும் மரமும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருந்தன. பித்தளைப் பூணின் ஓரத்தில் தேங்காய் எண்ணெய் விட்டு, ஒரு கையால் தடியையும் மறு கையால் பிடியையும் பற்றி முறுக்கியதில் மூன்றாம் முறைதான் கத்தி வெளியே வந்தது. வந்த கத்தியும் ஒரு விரல் அகலம்கூட இல்லை. முனை மட்டுமே கூர், பக்கங்கள் மழுங்கல். ஆகவே அதனால் குத்தலாமே தவிர வெட்ட முடியாது. பிடிக்கும் அலகுக்கும் இடையில் கைக்காப்பு இல்லாததால், குத்தும்போது முனை எலும்பில் தட்டி நின்றுவிட்டால், வியர்த்த கை வழுக்கி நம் விரல்களே அலகின் மேல் போய்விழும்.

கத்திக்கு இடம் செய்ய நடுவில் குடைந்துவிட்டதால் தடியும் தன் வலுவை இழந்துவிடுகிறது. ஓங்கி அடித்தால் பூண் இருக்கும் இடத்தில் பிளக்கக்கூடும். நாள்தோறும் உடல் எடையைத் தாங்கினாலும் அந்த இணைப்பு ஆட ஆரம்பிக்கும். அறுபதைக் கடந்தவருக்கு நாயைவிடவும் திருடனைவிடவும் பெரிய பகை கால் இடறுவதுதான் என்பதால், ஆடும் தடியை ஊன்றி இருட்டில் நடப்பதை நான் ஒருபோதும் ஒப்பமாட்டேன்.

நீங்கள் அஞ்சும் இரண்டு ஆபத்துகளில் சங்கிலிப் பறிப்பு, பைக் நம்மைக் கடக்கும் இரண்டு மூன்று நொடிகளில் முடிந்துவிடும். இரு கைகளாலும் பிடியைத் திருகுவதற்குள் வண்டி அடுத்த தெருவில் இருக்கும். நாயோ கத்தியைக் கண்டு அஞ்சுவதில்லை. ஓடாமல் நின்று, தடியை நமக்கும் அதற்கும் இடையில் தாழ்வாக நீட்டியபடி மெல்லப் பின்வாங்குவதே பெரும்பாலும் போதும். அதற்குத் தேவை கெட்டியான தடி.

இனி சட்டம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட 2016ஆம் ஆண்டு விதிகளின் முதல் அட்டவணை, ஆயுதங்களைப் பட்டியலிடும்போது, வாள் என்பதில் தடிக்குள் மறைத்த வாளும் அடங்கும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ஆகவே ‘இது வெறும் கைத்தடி’ என்று சொல்லித் தப்ப முடியாது. பிரிட்டனிலும் நூறாண்டைக் கடந்த பழம்பொருள்களுக்கு விலக்கு அளித்து, இவற்றின் விற்பனையை 1988இல் தடை செய்துவிட்டார்கள். தற்காப்பு உரிமையை நம் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் தருகிறது என்றாலும், தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்று 37ஆம் பிரிவு வரம்பு கட்டுகிறது. கைப்பையைப் பிடித்து இழுத்த இளைஞனின் வயிற்றில் ஒரு முழக் கத்தி இறங்கியிருந்தால், அந்த வரம்பைத் தாண்டவில்லை என்று விளக்க வேண்டிய நிலைக்கு நீங்கள் வந்துவிடுவீர்கள். மறைவாக ஆயுதம் சுமந்து சென்றீர்கள் என்பதும் உங்களுக்கு எதிராகவே பேசும்.

வைரம் பாய்ந்த மரத்திலோ பருத்த பிரம்பிலோ ஒரு முழுத்தடி வாங்குங்கள். செருப்பணிந்து நிமிர்ந்து நிற்கையில் பிடி உங்கள் மணிக்கட்டு மடியும் இடத்துக்கு வர வேண்டும். அடியில் உள்ள ரப்பர் புஷ் தேய்ந்தால் உடனே மாற்றுங்கள். முழுத்தடியை உருவ வேண்டியதில்லை, அதன் இரு முனையும் பயன்படும், தடுக்கவும் தள்ளவும் உதவும். பக்கத்தில் சிலம்பம் கற்பிப்பவர் இருந்தால் சில மாலைகள் போய் வாருங்கள். கம்பு வீச்சு உங்களுக்கு வராவிட்டாலும், காலடி வைக்கும் முறை இந்த வயதில் மிகவும் உதவும். அவசரத்துக்கு 112 என்ற எண்ணை மனைவியின் கைப்பேசியிலும் பதிந்து வையுங்கள்.

மாமனாரின் தடியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதை வீட்டில் வைத்திருக்க உரிமம் வேண்டுமா என்பது ஆயுதச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி அந்தந்தப் பகுதிக்கு வெளியிடப்பட்ட அறிவிக்கையைப் பொறுத்தது. வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். அவரைப் பார்க்கப் போகும்போது தடியைக் கையில் எடுத்துச் செல்ல வேண்டாம். கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போனால் போதும்.