மகள் வயிற்றுப் பேரன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலை நிமித்தம் எடின்பரோவில் இருக்கிறேன். கோடையில் ஸ்கை தீவின் டன்வேகன் கோட்டைக்குப் போயிருந்தோம். எண்ணூறு ஆண்டுகளாக மெக்லவுட் குலத்தலைவர்களின் வீடு என்கிறார்கள். ஆனால் 28ஆவது தலைவர் ஃப்ளோரா என்ற ஒரு பெண். அவருக்குப் பின் வந்தவர் மகள் வயிற்றுப் பேரன். பிறப்பால் வுல்ரிஜ்-கார்டன். பெயரை மெக்லவுட் என்று மாற்றிக்கொண்டு தலைவராகிவிட்டார். வம்சம் அங்கேயே முறிந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? இவர்தான் தலைவர் என்று யார் முடிவு செய்கிறார்கள்? இந்தக் காலத்தில் ஒரு மரபணுச் சோதனை செய்தால் எல்லாம் தெரிந்துவிடாதா?

எம்.

அன்புள்ள எம்.,

முறியவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். தகப்பன்வழி ஒன்றுதான் வம்சம் என்று நாம் எடுத்துக்கொள்வதால் அப்படித் தோன்றுகிறது. ஸ்காட்லாந்தில் குலத்தலைமை ரத்தத்தோடு சேர்த்து பெயரையும் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கிறது. பல இடங்களில் பெயரே முந்திக்கொண்டு நிற்கிறது.

குலத்தை அங்கே 'கிளான்' என்பார்கள். 'பிள்ளைகள்' என்று பொருள்படும் சொல் அது, ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில். அதனால் குலத்தார் எல்லோரும் ஒரு தாத்தாவின் பேரப்பிள்ளைகள் என்று நினைத்துவிடக் கூடாது. தலைவரின் நிலத்தில் குடியிருந்தவர்கள், அவருடைய பாதுகாப்பை நாடி வந்தவர்கள் என்று பலரும் அவர் பெயரையே தங்கள் பெயராக எடுத்துக்கொண்டார்கள். ஃபிரேசர் குலத்தில் 'மூட்டை மாவு ஃபிரேசர்கள்' என்றே ஒரு பிரிவினரைச் சொல்வார்கள். ஒரு மூட்டை மாவை வாங்கிக்கொண்டு ஃபிரேசர் ஆனவர்கள்! அவர்களுடைய சந்ததியும் ஃபிரேசர்தான்.

முற்காலத்தில் தலைமை மூத்த மகனுக்கு என்று கட்டாயம் இல்லை. ஒரே கொள்ளுத்தாத்தாவின் வழிவந்த பங்காளிகளில் தகுதியான ஒருவரைத் தலைவர் உயிரோடு இருக்கும்போதே அடுத்தவராகக் குறித்து வைப்பார்கள். மூத்த மகன் முறை பிறகுதான் ஊன்றியது.

சரி, இன்று யார் முடிவு செய்கிறார்கள்? நீங்கள் இருக்கும் ஊரிலேயே, நியூ ரெஜிஸ்டர் ஹவுஸில், லார்ட் லயன் என்ற அரசு அதிகாரியின் அலுவலகம் இருக்கிறது. ஸ்காட்லாந்துக் குடும்பங்களின் அடையாளமான கேடயச் சின்னங்களையெல்லாம் பதிவு செய்து காப்பது அவர் வேலை. அதற்கான பதிவேடு 1672ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. ஒரு குடும்பத்தின் கேடயத்தை அப்படியே, மாற்றமில்லாமல் தாங்கும் உரிமை ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான். தம்பிகளும் அவர்கள் பிள்ளைகளும் அதே கேடயத்தில் ஒரு விளிம்புப் பட்டையோ வேறு ஏதாவது ஓர் அடையாளமோ சேர்த்துக்கொள்ள வேண்டும். கூடுதல் குறி எதுவும் இல்லாத கேடயம் யாருடையதோ அவரே அந்தப் பெயருக்குத் தலைவர். ஆக, தலைவர் யார் என்ற கேள்வி கேடயம் யாருக்கு என்ற கேள்வியாகிவிடுகிறது. 1941இல் ஆர்ட்கௌர் மெக்லீன் குடும்ப வழக்கில் ஸ்காட்லாந்தின் உயர் நீதிமன்றம், தலைமைத் தகராறைத் தீர்க்கும் அதிகாரம் லயனுக்கு இல்லை, சின்னத்தைப் பற்றித்தான் அவர் தீர்ப்புச் சொல்லலாம் என்றது. இருந்தாலும் நடைமுறையில் எல்லோரும் போய் நிற்பது அவர் வாசலில்தான்.

கேடயம் மகளுக்கும் போகலாம். ஆனால் தலைவராக வருபவர் குலப்பெயரை மட்டுமே தாங்க வேண்டும், இன்னொரு பெயரோடு கோடு போட்டு இணைத்துக்கொள்ளக் கூடாது என்பதில் லயன் அலுவலகம் கறாராக இருக்கிறது. வுல்ரிஜ்-கார்டன் மெக்லவுட் ஆனது இதனால்தான்.

உங்கள் கேள்விக்கு நேரான பதிலாக எனக்குத் தோன்றும் குடும்பம் ஒன்று உண்டு. கில்மார்னாக் பிரபு வில்லியம் பாய்ட் அரசருக்கு எதிராகப் போரிட்டு, 1746இல் குல்லோடன் போரில் பிடிபட்டு, அதே ஆண்டு லண்டனில் தலை வெட்டப்பட்டார். பட்டம் பறிபோனது. அவர் மகன் ஜேம்ஸுக்கு 1758இல் வேறொரு வழியாக அதிர்ஷ்டம் வந்தது. பாட்டி முறையான எரோல் சீமாட்டி வாரிசில்லாமல் இறக்க, எரோல் பிரபுத்துவமும் ஹே குலத்தின் தலைமையும் இவரிடம் வந்தன. ஜேம்ஸ் பாய்ட், ஜேம்ஸ் ஹே ஆனார். அன்றிலிருந்து 1978 வரை ஹே குலத்தலைவர்கள் எல்லோரும் தகப்பன்வழியில் பாய்ட்கள்தான். அவர்களை யாரும் போலி ஹே என்று சொல்லவில்லை.

கதை இங்கே முடியவில்லை. 1941 ஜனவரியில் 22ஆவது எரோல் பிரபு கென்யாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரே பிள்ளை, பதினைந்து வயது டயானா. எரோல் பட்டமும் ஹே தலைமையும், கூடவே ஸ்காட்லாந்தின் தலைமைக் காவலர் என்ற பரம்பரைப் பதவியும் அந்தப் பெண்ணுக்கு வந்தன. ஆனால் 1831இல் குடும்பத்துக்குப் புதிதாகக் கிடைத்திருந்த கில்மார்னாக் பட்டம் ஆண் வாரிசுக்கு மட்டுமே உரியது. அது சித்தப்பா கில்பர்ட்டுக்குப் போனது. அவர் என்ன செய்தார் தெரியுமா? ஹே என்ற பெயரை விட்டுவிட்டு, ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன் குடும்பம் கழற்றி வைத்த பாய்ட் பெயரை எடுத்துக்கொண்டு பாய்ட் குலத்தின் தலைவரானார். ஒரே தகப்பனின் ரத்தம். அண்ணன் மகள் ஹே தலைவி, சித்தப்பா பாய்ட் தலைவர். ரத்தம் மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் இதற்கு விடையே வராது.

குலத்தாரின் ஒப்புதலுக்கும் இதில் இடம் உண்டு. மெக்ரெகர் என்ற பெயரைச் சொல்வதே 1603 முதல் குற்றமாக இருந்தது. இடையில் கொஞ்ச காலம் தளர்ந்தாலும் தடை முழுதாக நீங்கியது 1774இல்தான். வேறு வேறு பெயர்களில் மறைந்து வாழ்ந்தவர்களிடம் வம்சாவளித் தாளைக் கேட்டால் எங்கே போவார்கள்? அப்புறம் 826 பேர் கையெழுத்துப் போட்டு, மர்ரே என்ற பெயரில் இருந்த ஒருவரைத் தங்கள் தலைவர் என்று அறிவித்தார்கள். இன்றும் தலைவர் வழி தெரியாத குலங்களில் குலத்தார் கூடி ஒருவரைப் பரிந்துரைக்க லயன் இடம் கொடுக்கிறார். காகிதம் கிடைக்கும்வரை காத்திருக்கவும் செய்கிறார்கள். பியூகேனன் குலத்துக்கு 1681க்குப் பிறகு தலைவரே இல்லை. 2018இல்தான் ஒருவரின் உரிமை ஏற்கப்பட்டது.

மரபணு விஷயத்துக்கு வருகிறேன். பிரிங்கிள் குலத்துக்குத் தலைவர் யாராக இருக்கலாம் என்ற தேடலில் சிலருக்குச் சோதனை செய்தார்கள். ஸ்டிச்சில் என்ற ஊர்க் கிளைப் பிரிங்கிள்களின் 'பேரனெட்' என்ற பரம்பரைப் பட்டத்தை வைத்திருந்த சர் ஸ்டூவர்ட், ஐரிஷ் ஆயுதக் குழுவான ஐஆர்ஏவின் குண்டுவெடிப்பில் ஒரு காலை இழந்த கடற்படை வீரர், தன் மாதிரியை நல்லெண்ணத்தோடு கொடுத்தார். அவருடைய தந்தை, 1919இல் இறந்த 8ஆவது பேரனெட்டின் மகன் இல்லை என்று முடிவு வந்தது. சர் ஸ்டூவர்ட் 2013இல் இறந்தார். 2016இல் பிரிட்டிஷ் அரச ஆலோசனை சபையான பிரிவி கவுன்சிலின் நீதிக்குழு அந்தச் சான்றை ஏற்று, பட்டம் அவர் மகனுக்கு இல்லை, இளைய கிளைக்கு என்று தீர்ப்பளித்தது. 1683ஆம் ஆண்டுப் பட்டயத்தில் 'உடல்வழி ஆண் வாரிசு' என்று எழுதியிருக்கும்போது நீதிபதிகள் வேறு என்ன சொல்ல முடியும்? ஆனால் தலைமுறை தலைமுறையாகத் தங்களை ஒன்றாக நினைத்திருந்த குடும்பத்துக்கு அந்த முடிவு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது.

டன்வேகனில் அப்படி மறைந்த விஷயம் எதுவும் இல்லை. ஃப்ளோராவின் தந்தைக்கு மகன் இல்லை என்பது ஊருக்கே தெரியும். 1935இல் அவர் இறந்ததும் ஃப்ளோரா தலைவியானார். கடல் கடந்து போன மெக்லவுட்களைத் தேடி அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று முதிய வயதிலும் அலைந்தார். 1976இல், 98 வயதில் அவர் இறந்தபோது, பாட்டி இருக்கும்போதே பெயரை மாற்றிக்கொண்டிருந்த பேரன் ஜானை அந்த மெக்லவுட்கள்தான் தங்கள் 29ஆவது தலைவர் என்று ஏற்றுக்கொண்டார்கள்.