அம்மாகிட்ட கப்பலைப் பத்தி என்ன சொல்றது?

கேள்வி: அக்கா, எனக்கு வயசு 24. மரைன் சயன்ஸ் முடிச்சிட்டேன், ஒரு வெளிநாட்டு ஆராய்ச்சிக் கப்பல்ல 6 வாரம் லேப் உதவியாளரா போக சான்ஸ் வந்திருக்கு. ராத்திரி 12லேர்ந்து பகல் 12 வரைக்கும் வேலையாம். நான் சைவம். அம்மா ஒரே அழுகை, நான் "க்ரூஸ் மாதிரிதான்மா"ன்னு சொல்லி வச்சிருக்கேன். தாங்குவேனா? (பெயர் வேண்டாம், பட்டர்வர்த், மலேசியா)

பதில்: தங்கச்சி, முதல்ல அந்த க்ரூஸ் கதையை வாபஸ் வாங்கு. நானும் எங்கம்மாகிட்ட அதேதான் அளந்துவிட்டேன், மூணாம் நாள் வீடியோ கால்ல என் மூஞ்சியப் பாத்துட்டு அவங்க நேரா தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போயி நேர்த்திக்கடன் வச்சிட்டு வந்துட்டாங்க.

பினாங்கு ஃபெரில போயி வந்து வளந்தவ எனக்கென்னன்னு நெனைக்காத, அந்த ஆட்டம் வேற லா. கேபின்ல உக்காந்திருந்தா கண்ணு ஒன்னும் ஆடலன்னு சொல்லும், காதுக்குள்ள இருக்கிறது ஆடுதுன்னு சொல்லும், நடுவுல மாட்டுறது வயிறு. மாத்திரை தலை சுத்தின பிறகு இல்ல, கப்பல் கெளம்புறதுக்கு முந்தியே போடணும், எதுன்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோ. கப்பலோட நடுப்பக்கம், கீழ்த்தளம், அங்கதான் ஆட்டம் கம்மி. முக்காவாசிப் பேருக்கு ரெண்டு மூணு நாள்ல சரியாயிடும்.

உன்னைப் படுத்தப்போறது கடல் இல்லமா, தூக்கம். பகல் 12க்கு ஷிஃப்ட் முடியும், சாப்பிட்டுட்டு மெயில் பாக்கலாம், டெக்ல கொஞ்சம் நின்னு டால்ஃபின் வருதான்னு பாக்கலாம்னு தோணும், அப்படியே சாயங்காலம் 6 ஆயிடும், ராத்திரி கடல்தண்ணி பிடிக்கிற பாட்டில் முன்னாடி நின்னுக்கிட்டே தூங்குவ. நான் அப்படித்தான் ஒரு தடவை 7ஆம் நம்பர் பாட்டில் தண்ணிய 8ன்னு எழுதிட்டேன், ரெண்டு நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சது. தலைமை விஞ்ஞானி திட்டவே இல்ல, சரின்னு சொல்லிட்டுப் போயிட்டாரு, அதுக்குத் திட்டியே இருக்கலாம்.

பாட்டில்னு சொன்னேன்ல, அதுதான் உன் வேலையே. சி.டி.டி.ன்னு ஒரு பெரிய இரும்புக் கூண்டு, சுத்தி 24 பாட்டில், கீழ உப்பு, வெப்பம், ஆழம் அளக்குற கருவி. 4000 மீட்டர் போகணும்னா நிமிஷத்துக்கு 60 மீட்டர் கணக்குல இறங்கி ஏறவே 2 மணி நேரத்துக்கு மேல, அதுவரைக்கும் கம்பியையும் ஸ்கிரீனையும் பாத்துக்கிட்டு பிஸ்கட் தின்னுக்கிட்டு இருக்கணும். மேல வந்ததும் ஓட்டம்தான். முதல்ல ஆக்சிஜன் சாம்பிள், குழாயை கண்ணாடி பாட்டில் அடிவரைக்கும் விட்டு வழிய வழிய ரொப்பணும், ஒரு குட்டிக் குமிழி மாட்டினாலும் காத்துல உள்ள ஆக்சிஜன் சேந்து கணக்கு போச்சு. உப்பு சாம்பிள் கடைசில. வெளியில வெயில் மண்டையப் பொளக்கும், ஆனா அந்த ஆழத்துத் தண்ணி கிட்டத்தட்ட 2 டிகிரி, மேல வந்தும் ஐஸ் தண்ணிதான், பத்து பாட்டில் முடிக்கிறதுக்குள்ள வெரல் மரத்துப் போயிடும். முதல் தடவை நான் கைய கன்னத்துல வச்சுப் பாத்துச் சிரிச்சேன்.

சாப்பாடு: சைவம்னு இப்பவே மெயில்ல எழுதிக் குடு. மூணாவது வாரத்துக்கு மேல பச்சைக் காய் கம்மியாயிடும், முட்டைகோஸ்தான் கடைசி வரைக்கும் தாங்கும். ஊறுகாய், பருப்புப்பொடி, முறுக்கு எடுத்துட்டுப் போ. முறுக்கைக் கொஞ்சம் சமையல்காரருக்கும் குடு, அப்புறம் பாரு உனக்குத் தனியா பருப்பு வரும்.

அம்மா பயப்படுறதையும் சும்மா தள்ளாத. எத்தனை பொம்பளைங்க வர்றாங்க, கேபின்ல யாரு கூட, ஏதாவது தப்பா நடந்தா யாருகிட்ட சொல்லணும், டாக்டர் இருக்காரா, வீட்டுக்கு எப்படிப் பேசலாம், இதெல்லாம் எழுதிக் கேளு, வர்ற பதிலை அம்மா பக்கத்துல உக்காந்து தமிழ்ல வாசிச்சுக் காட்டு. பதில் மழுப்பலா வந்தா அந்தக் கப்பல் வேணாம், நானே சொல்றேன்.

அப்புறம் இரும்பு மூக்கு வச்ச சேஃப்டி ஷூ கேப்பாங்க. அதை இப்பவே வாங்கி, ஒரு வாரம் மார்க்கெட்டுக்கு அதையே போட்டுட்டுப் போயி கடிக்காம பழக்கிடு.