இறங்கிய கரையிலேயே நடங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கரீபியன் கடலில் இருக்கும் குராசோ தீவின் வில்லெம்ஸ்டாட் பற்றியவை. கடற்கரைப் பயணம் வேண்டாம், கப்பலில் விற்கும் சுற்றுலா எதுவும் வேண்டாம், ஊரை நடந்து பார்த்தால் போதும் என்று நினைப்பவர்கள் எழுதியவை. ஆகவே முழுக்க அந்த ஊரையே எடுத்துக்கொள்கிறேன்.

காலை எட்டுக்குக் கப்பல் வருகிறது, இரவு ஒன்பதுக்குக் கிளம்புகிறது. அம்மாவுக்கு 71 வயது, மூட்டுவலி உண்டு. நடந்து பார்க்க முடியுமா? (டொராண்டோ)

தாராளமாக முடியும். பெரிய கப்பல்கள் நிற்கும் மெகா பியரிலிருந்து ரிஃப் கோட்டை வழியாக மிதவைப் பாலத்துக்கு அம்மாவின் நடைக்குக் கால் மணி நேரம் ஆகும். பாலம் சுமார் 170 மீட்டர். அதைத் தாண்டினால் ஆம்ஸ்டர்டாம் கோட்டை அங்கேயே இருக்கிறது. யூதர்களின் ஜெபாலயம் இன்னும் ஐந்து நிமிடம். எல்லாம் சமதரை, மேடு கிடையாது. ஒன்பது மணிக்கு இறங்கிப் பதினொன்றரைக்குள் கப்பலுக்குத் திரும்பிவிடுங்கள். சாப்பாடு, தூக்கம் முடித்து மூன்றரைக்கு மறுபடி இறங்கலாம். நடுப்பகல் வெயிலில் அம்மாவை இழுத்துக்கொண்டு அலையாதீர்கள். தொப்பி, தண்ணீர் பாட்டில் இரண்டும் கையில் இருக்க வேண்டும்.

துறைமுக வாசலில் டாக்ஸிக்காரர்கள் கூப்பிடுகிறார்களாம். ஊருக்குள் போக எவ்வளவு கேட்பார்கள்?

நீங்கள் இறங்கும் இடமே ஊர்தான். டாக்ஸி தேவையில்லை.

குழாய்த் தண்ணீர் குடிக்கலாமா?

குடிக்கலாம். கடல்நீரைச் சுத்திகரித்துக் குடிநீராக்குவதில் இந்தத் தீவுக்குப் பல பத்தாண்டு அனுபவம் உண்டு. பாட்டிலைக் கப்பலிலேயே நிரப்பிக்கொண்டு இறங்குங்கள்.

நாங்கள் கோட்டைப் பக்கம் இருக்கும்போது பாலம் திறந்துவிட்டால் எப்படித் திரும்புவது? கப்பலைத் தவறவிட்டுவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது. (நியூ ஜெர்சி)

பயப்பட ஒன்றுமில்லை, பாலம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் போதும். 1888இல் முதலில் கட்டிய எம்மா அரசி பாலம் இது. படகு மாதிரி மிதக்கும் 16 மிதவைகளின் மேல் கிடக்கிறது. மேற்குக் கரையில் கீல் வைத்து மாட்டியிருக்கிறார்கள். மறுமுனையில் இருக்கும் எஞ்சின் ஓடத் தொடங்கினால், கதவு திறப்பதுபோல் பாலம் முழுதும் மேற்குக் கரையை ஒட்டி ஒதுங்கிக்கொள்ளும்.

கொடியைப் பாருங்கள். ஆரஞ்சு என்றால் சின்னப் படகு, கொஞ்ச நேரத்தில் மூடிவிடும். நீலம் என்றால் பெரிய கப்பல், அரை மணிக்கு மேலும் ஆகலாம். நீலக் கொடி ஏறினால் நிற்காமல் இலவசப் படகுத்துறைக்கு நடங்கள். பாலம் திறந்திருக்கும் நேரமெல்லாம் இரண்டு கரைக்கும் நடுவே படகு போய்வரும். காசு கிடையாது.

மணி அடிக்கும்போது பாலத்தின் நடுவில் மாட்டிக்கொண்டால் ஓடவே ஓடாதீர்கள். கதவைச் சாத்திவிடுவார்கள், நீங்கள் உள்ளேயே நின்றுகொள்ளலாம். காலடிப் பலகை லேசாக அதிரும். எதிரே இருந்த மஞ்சள் கட்டடம் மெல்ல விலகும், அப்புறம் கரைக்கும் உங்களுக்கும் நடுவே வெறும் தண்ணீர் தெரியும். இதை அனுபவிக்கவே நான் பாலத்தில் காத்து நின்றிருக்கிறேன். ஆனால் புறப்பாட்டுக்கு முந்தைய கடைசி ஒரு மணி நேரத்தில் இந்த ஆசை வேண்டாம். அதற்குள் கப்பல் நிற்கும் கரைக்கு வந்துவிடுங்கள்.

கரீபியனில் நடந்து பார்க்க எந்தத் துறைமுகம் நல்லது? டிசம்பரில் போகிறோம். உடனே பதில் தேவை.

எந்தக் கப்பல், எங்கிருந்து புறப்படுகிறது, எங்கெல்லாம் நிற்கிறது, எதுவுமே எழுதவில்லை. டிக்கெட்டில் என்ன ஊர் இருக்கிறதோ அதுதான் உங்கள் துறைமுகம். நான் சொல்வதால் கப்பல் வேறு ஊருக்குப் போகாது. பொதுவாகச் சொன்னால், இறங்கியவுடன் ஊர் தொடங்கும் இடங்கள் போர்ட்டோ ரிக்கோவின் பழைய சான் ஹுவானும் வில்லெம்ஸ்டாட்டும். பார்படோஸின் பிரிட்ஜ்டவுனில் அரை மணி நடந்தால் ஊர் மையம். கப்பல் நிறுவனங்கள் சொந்தமாக வைத்திருக்கும் தீவுகளில் ஊரே கிடையாது, கடற்கரை மட்டும்தான். பயணத்திட்டத்தைப் படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

இந்தப் பயணத்தில் மெக்சிகோவின் கோசுமெலும் உண்டு, குராசோவும் உண்டு. போன் தானாகவே நேரத்தை மாற்றிக்கொள்ளும் அல்லவா?

மாற்றிக்கொள்ளும், ஆபத்தே அதில்தான். இதைப் பல முறை எழுதிவிட்டேன், இன்னொரு முறையும் எழுதுகிறேன்: கப்பல் நேரம்தான் உங்கள் நேரம். குராசோ ஆண்டு முழுக்க ஒரே நேரத்தில் இருக்கும். குளிர்காலத்தில் மயாமியைவிட ஒரு மணி முன்னால், கோடையில் இரண்டும் ஒன்று. கப்பல் மயாமி நேரத்திலேயே ஓடினால் குராசோவில் போனை நம்புகிறவர், அதிகம் போனால் ஒரு மணி முன்னதாகவே வந்து நிற்பார். கோசுமெலில் கோடையில் இது தலைகீழ். போனில் மூன்று என்று காட்டும்போது கப்பலில் நான்கு ஆகியிருக்கும். சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் மணிக்கு வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். இறங்கும்போது வாசலில் எழுதி வைத்திருக்கும் நேரத்தை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் கிளம்பும் நேரம் வேறு, எல்லாரும் ஏறி முடிக்க வேண்டிய நேரம் வேறு. இரண்டாவது பெரும்பாலும் அரை மணி முன்னால் வரும்.

சைவம் மட்டும் சாப்பிடுவோம். ஊரில் ஏதாவது கிடைக்குமா? (சிங்கப்பூர்)

கிடைக்கும், ஆனால் கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். பிளாசா பியூ என்ற பழைய சந்தைக் கூடத்தில் மதியம் பெரிய பெரிய பானைகளில் சமைத்து வைத்திருப்பார்கள். நீள பெஞ்சில் உள்ளூர் ஆட்களோடு உட்கார்ந்து சாப்பிடலாம். ஆட்டுக்கறி, மீன், உடும்பு மாதிரி இருக்கும் இகுவானா என்ற பல்லியின் சூப் எல்லாம் அங்கே பிரபலம். உங்களுக்கு ஃபுஞ்சி என்ற சோளமாவுக் களி இருக்கிறது. நம் வீட்டுக் களி மாதிரியே கெட்டியாகக் கிண்டியது. கூடவே பொரித்த வாழைப்பழம், சோறு, பூசணி அடை. காராமணி சேர்த்த டுட்டு என்ற களியில் பன்றிக்கறி சேர்ப்பதும் உண்டு, கேட்காமல் வாங்காதீர்கள். வெண்டைக்காய் சூப் என்றதும் ஆசைப்பட வேண்டாம், அதில் மீனும் இறைச்சியும் இருக்கும். காலையில் சீஸ் வைத்த பஸ்தேச்சி நல்ல துணை. சமோசாவுக்கு உறவுக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதியம் தாண்டினால் சந்தைப் பானைகள் காலியாகிவிடும்.

மேற்குக் கரையான ஓட்ரோபண்டாவில் பார்க்க ஒன்றுமில்லை, பாதுகாப்பும் இல்லை, நேராகப் பாலத்தைத் தாண்டிவிடுங்கள் என்று கப்பலில் பழகியவர்கள் சொல்கிறார்கள். உண்மையா? (டாலஸ்)

உண்மை இல்லை. இந்தக் கேள்வி ஒவ்வொரு ஆண்டும் வருகிறது, ஒவ்வொரு ஆண்டும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஓட்ரோபண்டா என்றால் உள்ளூர் பாப்பியமெந்து மொழியில் மறுகரை என்று பொருள். கோட்டை இருந்த கிழக்குக் கரையில், அதாவது பூன்டாவில், நின்று பார்த்தவர்கள் வைத்த பெயர். இன்று பெரிய கப்பல்கள் வந்து நிற்பது இந்த மறுகரையில்தான். இக்கரைக்கு அக்கரை பச்சை என்பதுபோல், இறங்கியவர்கள் எல்லாரும் கால் வைத்த கரையைத் திரும்பியும் பார்க்காமல் எதிர்க் கரைக்கு ஓடுகிறார்கள். கப்பலில் கொடுக்கும் வரைபடமும் ஒரு காரணம். நான் போன ஒரு கப்பலில் தந்த தாளில் கிழக்குக் கரையின் நகைக்கடைகள் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருந்தார்கள். மேற்குக் கரை வெறும் சாம்பல் நிறத் திட்டு. அந்தத் தாளை நம்பி முதல் பயணத்தில் நானும் பாலத்தைத் தாண்டி ஓடினேன். மூன்று மணி நேரம் கடைகளைப் பார்த்துவிட்டு ஊரைப் பார்த்ததாக நினைத்துத் திரும்பினேன்.

கிழக்குக் கரை அந்தக் காலத்தில் மதிலுக்குள் அடங்கியிருந்த நகரம், அதனால் தெருக்கள் கோடு போட்டதுபோல் நேராக இருக்கும். 1707 வாக்கில் குடியேற்றம் தொடங்கிய ஓட்ரோபண்டாவுக்கு அப்படி ஒரு மதில் இல்லை. வீடுகள் அவரவர் வசதிக்கு எழுந்தன, நடுவில் மிஞ்சிய இடமே சந்தானது. பவளக்கல் சுவர்கள் இவை. சாந்துப் பூச்சுக்குள் உப்பு ஊறி, வண்ணம் செதில் செதிலாகக் கழன்றிருக்கும். விரலை வைத்தால் வெள்ளை மாவு ஒட்டும். எத்தனை முறை பூசினாலும் உப்பு வெளியே வந்துவிடும். அதனால் ஒரே சுவரில் நீலம், அதன் கீழ் மஞ்சள், அதற்கும் கீழ் காவி என்று பழைய பூச்சுகள் அடுக்கடுக்காகத் தெரியும். கண்ணைக் கவரும் சுவரோவியங்களும் இந்தச் சந்துகளில் உண்டு.

பாலத்தடியில் பிரியோன் சதுக்கம். தென் அமெரிக்க விடுதலைப் போர்த் தலைவர் பொலிவாரின் கடற்படைத் தளபதியாக இருந்த, இந்தத் தீவிலேயே பிறந்த லூயிஸ் பிரியோனின் சிலை அங்கே நிற்கிறது. அங்கிருந்து வடக்கே கொஞ்சம் நடந்தால் குரா ஹுலாண்டா அருங்காட்சியகம். திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். திறந்திருந்தால் அதற்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். 1634இல் ஸ்பெயினிடமிருந்து தீவைப் பிடித்த டச்சு மேற்கிந்தியக் கம்பெனி, ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த மனிதர்களை இங்கே இறக்கி ஸ்பானிய அமெரிக்காவுக்கு விற்றது. கப்பலின் அடித்தளம் எப்படி இருந்திருக்கும் என்று காட்டும் ஓர் அறை அங்கே உண்டு. குனிந்து இறங்க வேண்டும். உள்ளே நின்றால் பேச்சு வராது. அங்கே வைத்திருக்கும் கைவிலங்குகளில் குழந்தைக் கையளவில் செய்தவையும் இருக்கின்றன. 1795 ஆகஸ்டில் டுலா என்பவர் தலைமையில் அடிமைகள் எழுந்தார்கள். அக்டோபரில் அவரைக் கொன்றார்கள். விடுதலை கிடைத்தது 1863 ஜூலை 1 அன்று. ஊரின் வண்ண வண்ண வீடுகளுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று அந்த அறையில் புரியும்.

பாதுகாப்பா? பகலில் மக்கள் நடமாடும் தெருக்களில் நடங்கள். இருட்டிய பிறகு ஆளில்லாத சந்துகளுக்குள் போக வேண்டாம், நகையை உள்ளே வையுங்கள். எந்த ஊருக்கும் இதையேதான் சொல்வேன். திண்ணையில் உட்கார்ந்திருப்பவரைக் கண்டால் 'பொன் தியா' என்று வணக்கம் சொல்லுங்கள். பதிலுக்கு ஒரு சிரிப்பு கட்டாயம் வரும்.

இன்னொன்று. வண்ணக் கட்டட வரிசை என்று எல்லாரும் எடுக்கும் அந்தப் படத்தை ஓட்ரோபண்டா கரையில் நின்றால்தான் எடுக்க முடியும். கட்டடங்கள் மேற்கு பார்த்தவை. காலையில் வெயில் அவற்றின் முதுகில் விழும். மூன்று மணிக்கு மேல் எடுங்கள்.

அந்தக் கட்டடங்களுக்கு ஏன் இத்தனை வண்ணம்?

1817இல் ஆளுநர் கிக்கெர்ட், வெள்ளைச் சுவரின் கூச்சத்தால் தலைவலி வருகிறது என்று சொல்லி வெள்ளைக்குத் தடை போட்டார் என்பது ஊரில் சொல்லும் கதை. பெயின்ட் வியாபாரத்தில் அவருக்குப் பங்கு இருந்தது என்றும் சேர்த்துச் சொல்வார்கள்.

ஜெபாலயத்தில் தரையெல்லாம் மணலாமே? கால் கழுவ வேண்டுமா?

செருப்போடுதான் நடப்பார்கள், கழுவத் தேவையில்லை. 1732இல் கட்டியது. அமெரிக்கக் கண்டங்களில் இடைவிடாமல் வழிபாடு நடக்கும் மிகப் பழைய ஜெபாலயக் கட்டடம் என்று பெயர். மணல், பாலைவனத்தில் அலைந்த முன்னோரின் நினைவு என்று ஒரு விளக்கம். ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருக்கும் ஐபீரியாவில் ஒளிந்து வழிபட்ட காலத்தில் காலடி ஓசை வெளியே கேட்காமல் இருக்க மணல் போட்டார்கள் என்று இன்னொன்று. உள்ளே நடந்து பாருங்கள், உங்கள் அடி உங்களுக்கே கேட்காது. தோளும் முழங்காலும் மூடிய உடை அணியுங்கள். ஆண்களுக்குத் தலையில் வைக்கத் தொப்பி கொடுப்பார்கள். சனிக்கிழமை வழிபாட்டு நாள், சுற்றிப் பார்க்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை வருகிறது எங்கள் கப்பல். ஊர் மூடிக் கிடக்குமா?

கடைகள் பல மூடியிருக்கும். நடக்க வந்தவர்களுக்கு அது லாபம்தான், தெருக்கள் அமைதியாக இருக்கும். சாப்பாட்டைக் கப்பலிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

நாகப்பட்டினத்தை வைத்திருந்த அதே டச்சுக் கம்பெனிதானே இது? (சென்னை)

இல்லை. பழவேற்காடும் நாகப்பட்டினமும் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் இருந்தன, குராசோ மேற்கிந்தியக் கம்பெனியிடம். இரண்டும் தனித்தனி நிறுவனங்கள். மனித வியாபாரம் இரண்டுக்கும் பொது. பஞ்ச காலங்களில் சோழமண்டலக் கரையிலிருந்தும் கிழக்கிந்தியக் கம்பெனி அடிமைகளை வாங்கி, இன்றைய ஜகார்த்தாவான பத்தாவியாவுக்குக் கொண்டுபோயிருக்கிறது.

வெனிசுலாப் படகுகளில் காய்கறி விற்கும் மிதக்கும் சந்தையைப் பார்க்க ஆசை. எந்த இடம்?

நீங்கள் பார்த்த படங்கள் பழையவை. 2019இல் வெனிசுலா எல்லையை மூடியதிலிருந்து அந்தப் படகு வரிசை பழையபடி இல்லை. அதை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள்.

டாலர் போதுமா?

போதும். 2025இலிருந்து கரீபியன் கில்டர் என்ற புதுப் பணம் புழங்குகிறது, ஒரு டாலருக்கு 1.8 என்று வைத்துக்கொள்ளுங்கள். சில்லறை கில்டரில் வரலாம், சின்ன நோட்டாகக் கொடுங்கள்.

இந்திய பாஸ்போர்ட் எங்களுடையது. இறங்க விசா வேண்டுமா?

கையில் இருக்கும் மற்ற விசாக்களைப் பொறுத்து விதி மாறும். கப்பல் நிறுவனத்துக்கு எழுதி, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். டிக்கெட் எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது என்னைக் கேட்டு என்ன செய்வது?

காற்று நன்றாக வீசுமாமே, வெயில் தெரியாதுதானே?

தெரியாது, அதனால்தான் தோல் உரிகிறது. வில்லெம்ஸ்டாட் ஏறக்குறைய புதுச்சேரியின் அட்சரேகையில் இருக்கிறது, அதே சூரியன். காற்று வியர்வையை உடனே உலர்த்திவிடுவதால் தாகம் தெரியாது. தொப்பி, தண்ணீர். பாலத்தின் நடுவில் காற்று பலமாக இருக்கும், தொப்பியைக் கையால் பிடித்துக்கொண்டு நடங்கள்.