காவிரிப் படுகையில் வண்டி நெரிசல் இல்லாத சைக்கிள் பாதையை எப்படிக் கண்டறிவது?

டெல்டாவில் அமைதியான பாதை என்பது பெரும்பாலும் ஆறு அல்லது வாய்க்காலின் கரைமேல் செல்லும் சிறு சாலையே. பேருந்தும் லாரியும் ஊர்களை நேராக இணைக்கும் பெரிய சாலையிலேயே போய்விட, தண்ணீரின் போக்கில் வளைந்து செல்லும் கரைச் சாலைக்கு, கடைத்தெருவுக்குப் பின்னால் கிடக்கும் கொல்லைப்புறச் சந்து போல, அக்கம்பக்கத்து ஊரார் மட்டுமே வருகிறார்கள். ஆகவே வரைபடத்தில் முதலில் ஆற்றைத் தேடுங்கள். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு செல்லும் வழியில் மட்டும் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகள் குறுக்கிடுகின்றன. பாலத்தருகே கரையோரமாகப் பிரியும் வழி தார்ச்சாலையா மண்பாதையா என்பதைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்துக்கொள்ளலாம் (மழைக்குப் பின் இந்தக் களிமண் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையே அப்பி, வண்டியை நகரவிடாது). சிறு சாலை ஆண்டு முழுவதும் வெறிச்சோடியே இருக்கும் என்று பலர் நினைப்பது சரியன்று: தை, மாசியில் சம்பா அறுவடையின்போது நெல் ஏற்றிய டிராக்டர்களும், பாதிச் சாலையை அடைத்துக் காயும் நெல்லும் அங்கேதான் இருக்கும்.