கோவில் வளாகத்தில் வந்து நிற்கும் ஆர்வி வண்டிகள்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். டெக்ஸாசுக்கு வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. நீங்கள் போகும் கோவிலின் பின்பக்கத்தில் பஸ் அளவுக்கு நான்கு ஆர்வி, அதாவது உள்ளேயே வீடு மாதிரி வாழ்கிற வண்டிகள், வந்து நிற்கின்றன. அதிலிருந்து எழுபது வயதுத் தம்பதிகள் இறங்கி, சண்டே ஸ்கூல் அறைகளுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். சம்பளம் கிடையாது என்கிறார்கள். "இவர்களுக்கு வீடு இல்லையா அக்கா, பிள்ளைகள் பார்க்க மாட்டார்களா, பாவமாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பா விசிட்டர் விசாவில் ஜனவரியில் வருகிறார், ரிட்டயர்டு வாத்தியார், கை சும்மா இருக்காது, அவரையும் இதில் சேர்த்துவிட முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்தப் பரிதாபத்தை விட்டுவிடுங்கள். நானும் வந்த புதிதில் அப்படித்தான் நினைத்தேன். அவர்கள் யாரும் வீட்டிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்கள் இல்லை. ஆண்டுக்கணக்கில் யோசித்து, பணம் சேர்த்து, ஜெபித்து எடுத்த முடிவு அது. பல பேருக்குச் சொந்த ஊரில் வீடு இருக்கிறது, குளிர்காலத்தில் மட்டும் தெற்கே வருகிறார்கள். சிலர் வீட்டை விற்றுவிட்டு முழுநேரமும் வண்டியிலேயே வாழ்கிறார்கள். பேரப்பிள்ளைகளின் படம் குளிர்பெட்டிக் கதவு முழுக்க ஒட்டியிருக்கும். கிறிஸ்துமஸுக்கு அங்கேதான் போவார்கள்.

இதற்கென்றே அமைப்புகள் இருக்கின்றன. யுனைடெட் மெதடிஸ்ட் சபையோடு சேர்ந்த நோமட்ஸ் 1988-இல் தொடங்கியது. டெக்ஸாசின் லிண்டேலில் அலுவலகம் வைத்திருக்கும் சோவர் என்பது இன்னொன்று. ஹாபிடாட் ஃபார் ஹியூமானிட்டியிலும் ஆர்வி வைத்திருப்பவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு, அவர்கள் ஏழைகளுக்கு வீடு கட்டப் போகிறார்கள். நோமட்ஸ் முறை இப்படி: ஓரிடத்தில் மூன்று வாரம், வாரத்துக்கு நான்கு நாள், நாளைக்கு ஆறு மணி நேரம் வேலை. அப்புறம் அடுத்த ஊர். டீசல், சாப்பாடு, காப்பீடு எல்லாம் அவர்கள் கைக்காசு. பெரிய வண்டி ஒரு கேலனுக்கு எட்டு மைல் கொடுத்தாலே அதிகம், நம் கணக்கில் லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர் சொச்சம்.

கோவில் கொடுக்க வேண்டியது வேலைக்கான பொருள்களும், வண்டி நிற்க இடமும், 'ஹூக்கப்' என்று இங்கே சொல்கிற மூன்று இணைப்புகளும்தான். அதாவது தண்ணீர்க் குழாய், கரன்ட், கழிவு போக வழி. கூலி இந்த நாட்டில் எவ்வளவு என்று ஒரு பிளம்பரைக் கூப்பிட்ட அன்றைக்கே உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஞாயிறு ஆராதனைக்கு நாற்பது பேர் வருகிற கோவிலோ, ஒரு சின்ன கிறிஸ்தவப் பள்ளியோ அந்தக் கூலியைக் கொடுக்கவே முடியாது. பெயின்ட் வாங்கலாம், அடிக்க ஆள் வைக்க முடியாது. அந்த இடத்தில்தான் இவர்கள் வந்து நிற்கிறார்கள்.

எனக்கு இது புரிந்தது 2017-இல். அந்த ஆகஸ்டில் ஹார்வி புயல் ராக்போர்ட் பக்கம் கரையேறி, பிறகு நாள்கணக்கில் மழையாகக் கொட்டியது. எங்கள் கோவில் கூடத்தில் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர். வடிந்த பிறகு சுவரையெல்லாம் தரையிலிருந்து நான்கடி உயரத்துக்கு அறுத்து எடுத்தோம். இங்கே சுவர் என்பது செங்கல் இல்லை, மரச் சட்டத்தின்மேல் அறைந்த ஜிப்சம் பலகை. நனைந்தால் பூஞ்சை பிடித்துவிடும். அறுத்துப் போட நாங்களே போதும், திரும்பக் கட்ட ஆள் கிடைக்கவில்லை. காண்டிராக்டர் எல்லாரும் மாதக்கணக்கில் புக் ஆகியிருந்தார்கள். கிறிஸ்துமஸ் ஆராதனையை அந்த எலும்புக்கூடு மாதிரிச் சட்டங்களுக்கு நடுவில்தான் நடத்தினோம். பிப்ரவரியில் ஐந்து ஆர்வி வந்தது.

காலையில் எட்டு மணிக்கு முன்னால் வட்டமாக நாற்காலி போட்டு ஒரு வேதபகுதி, ஒரு ஜெபம். யாருக்கு முழங்கால் வலி, யாருடைய மகளுக்கு ஆபரேஷன் என்பதெல்லாம் அங்கேயே சொல்லி ஜெபிப்பார்கள். அப்புறம் வேலை. ஒருவர் மின்கம்பத்தில் ஏறி வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், ஒருவர் விவசாயி, ஒருவர் ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டர். அவர்களில் எழுபத்தி மூன்று வயது அம்மா ஒருத்தர் எனக்குச் சுவர் பூசக் கற்றுக்கொடுத்தார்.

இரண்டு பலகை சேரும் இடத்தில் முதலில் காகித நாடாவை ஒட்ட வேண்டும். அதன்மேல் 'மட்' என்கிற வெள்ளைச் சாந்து, தோசை மாவைவிடக் கெட்டியாக இருக்கும். நான் இழுத்தால் கோடு கோடாக விழுந்தது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக் கத்தியைக் கொஞ்சம் சாய்த்தார். "அழுத்தாதே, கத்தியே போகும், நீ கூடப் போ" என்றார். மூன்று பூச்சு. ஒவ்வொன்றும் காய்ந்த பிறகுதான் அடுத்தது, ஒவ்வொன்றும் முந்தியதைவிட அகலம். கடைசியில் உப்புத்தாள் தேய்த்து, டார்ச் லைட்டைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தார். மேடு பள்ளம் இருந்தால் நிழல் காட்டிவிடும். என் இணைப்பில் இரண்டு இடத்தில் நிழல் விழுந்தது. திரும்பச் செய்ய வைத்தார். "பிள்ளைகள் உட்காருகிற அறை" என்று மட்டும் சொன்னார்.

அந்த அம்மாவும் அவர் கணவரும் அன்றைக்கே பதினோரு வருடமாக இப்படிப் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்கு வேதாகமத்தில் வரும் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும்தான் ஞாபகம் வந்தார்கள். ரோமாபுரியை விட்டுக் கொரிந்துக்கு, அங்கிருந்து எபேசுவுக்கு, புருஷனும் மனைவியுமாக, கூடாரத் தொழிலைக் கையில் வைத்துக்கொண்டு. நம் திருநெல்வேலிப் பக்கத்தில் சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகைக்கு முந்தின ராத்திரி பெரியவர்கள் விடிய விடியக் காய் நறுக்குவார்களே, அந்தச் சந்தோஷம் இவர்கள் முகத்திலும் இருக்கும். நறுக்குகிற கைக்கு வயது தெரியாது.

ஆனாலும் இது எல்லாருக்கும் எளிது என்று நினைக்காதீர்கள். உடம்பு கெட்டால் டாக்டர் யார் என்பது பெரிய கேள்வி. 65 வயதுக்குப் பிறகு மெடிகேர் என்கிற அரசு மருத்துவக் காப்பீடு உண்டு. ஆனால் அதிலேயே தனியார் நடத்தும் அட்வான்டேஜ் திட்டங்கள் பெரும்பாலும் ஒரு வட்டாரத்து டாக்டர்களோடு நின்றுவிடும் என்பதால், ஊர் ஊராகப் போகிறவர்கள் பலர் பழைய அரசு மெடிகேரையே வைத்துக்கொள்கிறார்கள். நிரந்தர முகவரி இல்லாவிட்டால் லைசென்ஸ், ஓட்டு, தபால் எதுவும் நடக்காது. அதற்காகவே முழுநேரக்காரர்கள் டெக்ஸாஸ், புளோரிடா, தெற்கு டகோட்டா மூன்றில் ஒன்றில் தபால் முகவரி எடுத்துக்கொள்கிறார்கள். மூன்றிலும் மாநில வருமான வரி கிடையாது. அப்புறம் ஒருநாள் ஒருவருக்குக் கண் மங்கும். அன்றைக்குச் சாவியை வைத்துவிட வேண்டும். அந்த அம்மாவின் கணவருக்கு அது வந்துவிட்டது. வண்டியை விற்ற அன்று எனக்குப் போன் செய்து அழுதார்.

இனி அப்பா விஷயம். இதில் கவனமாக இருங்கள். விசிட்டர் விசாவில் வருகிறவரை இந்த மூன்று வாரத் திட்டத்தில் பெயர் கொடுத்துச் சேர்க்க வேண்டாம். சம்பளம் இல்லாவிட்டாலும், வேலைக்குப் பதிலாக இடம், கரன்ட் கிடைத்தால் அதுவே கேள்வியாகலாம். அங்கீகாரம் பெற்ற மத அல்லது தர்ம அமைப்பின் தொண்டுத் திட்டத்துக்கென்று வருகிறவர்களுக்கு பி-1 விசாவில் தனி வழி இருக்கிறது. ஆனால் அதை விசா கேட்கும்போதே சொல்லி, அமைப்பின் கடிதத்தோடு வர வேண்டும். சுற்றிப் பார்க்க என்று சொல்லி வந்துவிட்டு இங்கே மாற்றிக்கொள்வது சரியில்லை. சந்தேகம் இருந்தால் ஒரு இமிக்ரேஷன் வக்கீலிடம் அரை மணி நேரம் பேசிவிடுங்கள், அந்தக் காசு வீண் போகாது. ஏணியிலும் ஏற்றிவிடாதீர்கள். விசிட்டர் காப்பீட்டை நம்பிக் கையை ஒடித்துக்கொண்டால் ஆஸ்பத்திரி பில் உங்கள் தலையில்தான் விழும்.

அதற்காக அப்பாவை வீட்டில் பூட்டி வைக்கவும் வேண்டாம். காலை ஜெபத்துக்கு அழைத்துப் போங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள். இங்கிலீஷ் வேகமாகப் பேசுவார்களே என்று அவர் தயங்கலாம். வயதானவர்கள் நிதானமாகத்தான் பேசுவார்கள், அவரை மாதிரியே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர் ஒருவராவது அந்தக் கூட்டத்தில் இருப்பார். பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னால் அப்பாவுக்கு வாய் வராது. டெக்ஸாஸ் வழக்கம் கைகொடுக்கும், பெயருக்கு முன்னால் மிஸ்டர், மிஸ் போட்டுக்கொள்ளலாம்.

வேலை திங்கள் முதல் வியாழன் வரை என்றால் வியாழன் மாலை சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள். ஐந்தரை மணிக்கெல்லாம் சாப்பிடுகிறவர்கள், நம் ஒன்பது மணிக் கணக்கு ஆகாது. எலுமிச்சை சாதமும் காரம் குறைத்த கோழிக் குழம்பும் எங்கள் வீட்டில் நன்றாகப் போயின. சொல்லாமல் போய் வண்டிக் கதவைத் தட்டாதீர்கள். அது அவர்கள் வீடு. வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால் போகலாம், அவர்களே உள்ளே கூப்பிட்டுக் காட்டுவார்கள்.

அவர்கள் கிளம்புகிற காலையில் அப்பாவைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். குழாயைக் கழற்றி, படியை மடக்கி, வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பார்கள். கடைசியில் ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து விளக்கைப் போட, இன்னொருவர் பின்னால் நின்று இடது, வலது, பிரேக் என்று எரிவதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். எங்கள் கோவிலில் அதை ஊரிலிருந்து வந்திருந்த என் மாமனார் நின்று சொன்னார். அவர்கள் எட்டு மணிக்கெல்லாம் ரோட்டில் இருப்பார்கள், நீங்கள் ஏழுக்கே போய்விடுங்கள்.