கொழும்பில் இருந்துகொண்டே ஓய்வுகால விசா எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 66 வயது. பிறந்தது கொக்குவில். 1989இல் கனடா போய், அங்கே பிரஜாவுரிமை எடுத்து, ஸ்காபரோவில் 30 வருடத்துக்கு மேல் இருந்தேன். கணவர் காலமான பிறகு வந்து, வெள்ளவத்தையில் தங்கச்சியோடு இருக்கிறேன். விசிட் விசா முடியப் போகிறது. ஓய்வுகால விசா வேண்டுமென்றால் திரும்பக் கனடா போய்த்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்கிறார் ஒருவர். பத்தரமுல்லையிலேயே கொடுக்கலாம் என்கிறார் இன்னொருவர். கொக்குவில் காணியில் பாதியை என் பேருக்கு எழுதித் தருவதாகத் தங்கச்சி சொல்கிறாள். நான் என்ன செய்ய?

பதில்: அம்மா, கனடா போகத் தேவையில்லை. அதைவிட முக்கியம், உங்களுக்கு அந்த விசாவே தேவைப்படாது. நீங்கள் கேட்க வேண்டியது இரட்டைப் பிரஜாவுரிமை.

ஓய்வுகால விசா என்று எல்லோரும் சொல்வது ‘மை ட்ரீம் ஹோம்’ திட்டத்தை. 55 வயது தாண்டிய வெளிநாட்டவருக்காக வைத்தது. இங்குள்ள வங்கியில் 15,000 அமெரிக்க டொலர் வைப்புச் செய்ய வேண்டும். அதற்கு மேல் மாதாமாதம் வெளிநாட்டிலிருந்து 1,500 டொலர் வந்துகொண்டிருக்க வேண்டும். கணவனோ மனைவியோ கூட இருந்தால் அவருக்கு இன்னும் 750. இவ்வளவும் செய்தால் கிடைப்பது இரண்டு வருட விசா. பிறகு புதுப்பிக்க வேண்டும். கனடாவின் முதியோர் ஓய்வூதியத்தையும், வேலை செய்த காலத்தில் கட்டிய பணத்துக்கு வரும் சிபிபி ஓய்வூதியத்தையும் சேர்த்தாலும் மாதம் 1,500 அமெரிக்க டொலர் பலருக்கு வராது. பிறந்த மண்ணில் இருக்க இந்தச் சுமையை நீங்கள் ஏன் தூக்க வேண்டும்?

“நான் இலங்கைப் பிரஜாவுரிமையை விட்டுக்கொடுக்கவே இல்லையே” என்று பலர் சொல்வார்கள். பழைய அடையாள அட்டையையும் பத்திரமாக வைத்திருப்பார்கள். ஆனால் கனடாப் பிரஜையான அன்றே இங்குள்ள உரிமை சட்டப்படி தானாகப் போய்விட்டது. கனடாப் பிரஜையாக இருந்துகொண்டே அதைத் திரும்பப் பெறுவதுதான் இரட்டைப் பிரஜாவுரிமை. அந்த வழியை 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தில் 1987இல் திருத்தமாகச் சேர்த்தார்கள். 2011இல் நிறுத்தி வைத்து, 2015இல் மறுபடி திறந்தார்கள். விண்ணப்பிக்கப் பட்டம், சொத்து, வங்கி வைப்பு என்று பல தகுதிகள் உண்டு. உங்களுக்கு அவை எதுவும் வேண்டாம். 55 வயதைத் தாண்டியிருப்பதே ஒரு தகுதி.

வெளிநாட்டில் இருப்பவர்கள் தூதரகம் வழியாகக் கொடுப்பார்கள். நீங்கள் இங்கே இருப்பதால் பத்தரமுல்லை சுஹுருபாயவில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிரஜாவுரிமைப் பிரிவிலேயே கொடுக்கலாம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: விண்ணப்பம் கொடுத்துவிட்டோம் என்பதற்காக விசா தானாக நீளாது. முடியும் திகதிக்கு முன்பே நீடிப்புக்குப் போடுங்கள், அதை இணையத்திலேயே செய்யலாம்.

சரி, சிக்கல் எங்கே வரும்? விண்ணப்பத்தோடு கொடுக்க வேண்டிய கனடாப் பொலிஸ் அறிக்கையில். இங்கே இருந்துகொண்டு விண்ணப்பிப்பவர்கள் மாதக் கணக்கில் தடுமாறுவது இதில்தான். ஆர்.சி.எம்.பி. என்ற கனடா மத்திய பொலிஸார் கைரேகையை வைத்துத்தான் தேடித் தருவார்கள். அங்கே இருக்கும்போதே எடுத்திருந்தால் ஒரு நாள் வேலை. இங்கிருந்து என்றால், சி-216சி படிவத்தில் மையால் பத்து விரலும் பதித்து, ஆர்.சி.எம்.பி. அங்கீகரித்த ஒரு கனடா நிறுவனத்துக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். அவர்கள் அதைக் கணினிக்கு மாற்றிச் சமர்ப்பிப்பார்கள். உங்கள் வயதில் விரல் ரேகை தேய்ந்திருக்கும். கோடே தெரியாமல் வெறும் கறுப்புப் பொட்டாக விழுந்த தாள்களை நான் பார்த்திருக்கிறேன். அது திரும்பி வந்தால் முழுவதையும் மறுபடி தொடங்க வேண்டும். ஒரு வாரம் முன்பிருந்தே இரவில் கைக்குக் கிரீமோ தேங்காய் எண்ணெயோ பூசுங்கள். பதிக்கும் அன்று மட்டும் எதுவும் பூசாமல், கழுவி நன்றாகத் துடைத்துவிட்டுப் போங்கள். இரண்டு தாள் எடுத்து இரண்டையும் அனுப்புங்கள். பிரித்தானியாவில் இருந்து வந்தவர்களுக்கு இந்த அலைச்சல் இல்லை, ஏக்ரோ என்ற அந்நாட்டுப் பொலிஸ் சான்றிதழுக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

அடுத்தது பெயர். உங்கள் பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருக்கும். கனடாக் கடவுச்சீட்டில் கணவர் பேரோ தகப்பன் பேரோ குடும்பப் பேராக ஏறியிருக்கும், எழுத்துக்கூட்டலும் மாறியிருக்கும். பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பழைய இலங்கைக் கடவுச்சீட்டு, கனடாப் பிரஜாவுரிமைச் சான்றிதழ் நான்கையும் மேசையில் வரிசையாக வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால், எல்லாம் ஒரே ஆள்தான் என்று சத்தியக்கடதாசி முடித்து வையுங்கள். தமிழில் உள்ளதைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலமாக்குங்கள்.

கனடாப் பணத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 18 வயதுக்குப் பிறகு அங்கே 20 வருடம் வாழ்ந்திருப்பதால் முதியோர் ஓய்வூதியம் உங்களுக்கு இங்கேயும் வரும். ஆனால் வருமானம் குறைந்தவர்களுக்குக் கொடுக்கும் கூடுதல் தொகை, நாட்டுக்கு வெளியே ஆறு மாதம் தாண்டினால் நின்றுவிடும். வெளியே இருப்பதைச் சொல்லாமல் வாங்கினால் பிறகு திருப்பிக் கட்ட நேரும்.

எல்லோருக்கும் இந்த வழி பொருந்தாது. இந்தியா, சிங்கப்பூர், மலேசியா போன்ற நாடுகள் இரண்டு பிரஜாவுரிமையை ஏற்பதில்லை. அந்த நாட்டுக் கடவுச்சீட்டை விட மனமில்லாதவர்கள், முன்னாள் இலங்கையர் என்ற வகையில் வதிவிட விசா கேட்கலாம். ட்ரீம் ஹோமுக்கு முன் அதைப் பார்ப்பது நல்லது. நோர்வே 2020இலும் ஜேர்மனி 2024 ஜூனிலும் இரட்டைப் பிரஜாவுரிமைக்குக் கதவைத் திறந்துவிட்டன. பழைய தகவலை நம்பி அங்குள்ள நம் ஆட்கள் இன்னும் ஒதுங்கி நிற்கிறார்கள் என்பது எனக்குக் கவலை.

கடைசியாகக் காணி. 2014இன் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவர் பேருக்குப் பொதுவாகக் காணி எழுத முடியாது. தங்கச்சி தரும் நன்கொடைக்கு இது எப்படிப் பொருந்தும் என்று ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உரித்துரிமையாக வருவதற்கும் இரட்டைப் பிரஜைகளுக்கும் விலக்கு உண்டு. ஆகவே தங்கச்சி ஆசைப்பட்டு நொத்தாரிசிடம் கூட்டிக்கொண்டு போனாலும், இரட்டைப் பிரஜாவுரிமைச் சான்றிதழ் கைக்கு வரும்வரை எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். சான்றிதழ் வந்ததும் முதலில் அடையாள அட்டை, பிறகு இலங்கைக் கடவுச்சீட்டு, அப்புறம் காணி உறுதி.