மகளுக்கு ஒரு மட்டக்குதிரை: வாங்கும் முன் சில விஷயங்கள்

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் தோட்டத்தில் குடியிருக்கிறோம். 7 வயது மகளை ஊட்டியில் ஒருமுறை குதிரையில் ஏற்றிவிட்டோம். அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் ஒரு வயதுக் குட்டி ஒன்றைப் பிடித்துவிடலாம் என்று இருக்கிறேன். விலையும் குறைவாக முடியும், இரண்டும் சேர்ந்தே வளரும். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: சந்தைக்கு மகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள், அவள் மறக்கவே மாட்டாள். குட்டி மட்டும் வாங்காதீர்கள். "சேர்ந்தே வளரட்டும்" என்பது பாசத்தில் வரும் யோசனை. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள்கூட இதில் சிக்கிக்கொள்கிறார்கள். அந்தக் குட்டி எலும்பு முற்றி, ஆள் ஏறப் பழக இன்னும் மூன்று நான்கு வருடம் ஆகும். பழக்குவதற்குத் தேர்ந்த கை வேண்டும். அப்போதும் குதிரைக்கும் ஒன்றும் தெரியாது, மகளுக்கும் ஒன்றும் தெரியாது. ஒன்று மிரண்டால் மற்றொன்றும் மிரளும், விழுவது குழந்தை.

உங்களுக்கு வேண்டியது 10 வயதைத் தாண்டிய, சின்னப் பிள்ளைகளைச் சுமந்து பழகிய மட்டக்குதிரை. 15 வயதானாலும் தயங்க வேண்டாம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 25 வயது வரைகூட இருக்கும். தோள்மேடு வரை 44 முதல் 48 அங்குல உயரம் போதும். அந்தியூரில் கண்ணைப் பறிக்கும் மார்வாரி, கத்தியவாரி இனக் குதிரைகள், காது நுனி உள்ளே வளைந்து நிற்பவை, பெரும்பாலும் 56 அங்குலத்துக்கு மேல். துடிப்பான சாதி, தேர்ந்தவர்கள் ஏறுவது. அவற்றை ரசித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். காயடித்த ஆணோ, சாதுவான பெண்ணோ பாருங்கள். காயடிக்காத ஆண் குதிரை எவ்வளவு சாதுவாக நின்றாலும் குழந்தைக்கு வேண்டாம்.

வயதை விற்பவர் வாயால் மட்டும் கேட்காதீர்கள், பல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். 5 வயதில் நிலைப்பற்கள் எல்லாம் வந்துவிடும். அதற்குப் பிறகு தேய்மானத்தை வைத்துத்தான் மதிப்பிட முடியும். மேல் வரிசை முன்பற்களில் ஓரத்துப் பல்லின் மேல் ஒரு பள்ளக் கோடு சுமார் 10 வயதில் தோன்றி, 15 வயதில் பாதிவரை இறங்கியிருக்கும். இது தோராயக் கணக்கு என்றாலும், "ஏழு வயசுதான் சார்" என்ற பேச்சைச் சோதிக்க உதவும்.

அடுத்தது, இதுவரை அது என்ன வேலை செய்தது என்று கேளுங்கள். ரேக்ளா வண்டியில் ஓடிய மட்டக்குதிரை குறைந்த விலைக்கு வரும். பின்னால் சத்தம் கேட்டதும் பாய்வதற்கென்றே பழக்கப்பட்டது அது, உங்கள் மகளுக்கு ஆகாது. கடற்கரையிலும் மலையூர்களிலும் சவாரிக்கு நிற்பவை பிள்ளைகளிடம் பொறுமையானவை. ஆனால் பல, கூட நடக்கும் ஆளைப் பார்த்துத்தான் நடக்கும், மேலே இருப்பவர் கடிவாளத்தை இழுத்தால் புரியாது. முதுகில் சேணப்புண், காலில் நொண்டல் இருக்கிறதா என்றும் பாருங்கள். எனக்குப் பிடித்த வழி, பிள்ளை வளர்ந்து உயரம் போதாமல் போன வீட்டிலிருந்து வாங்குவது. பக்கத்தில் குதிரையேற்றப் பயிற்சி தருபவர்களிடம் சொல்லிவைத்துக் காத்திருங்கள். ஆறு மாதம் ஆனாலும் ஆகட்டும். அதுவரை மகள் அங்கேயே கற்றுக்கொள்ளட்டும்.

பார்க்கப் போகும் நாளில் சேணம் போட்டு, வியர்வையோடு தயாராக நிறுத்தியிருந்தால் சந்தேகப்படுங்கள். முன்கூட்டியே ஓட்டிக் களைக்க வைத்திருக்கலாம், மயக்க மருந்துகூடக் கொடுத்திருக்கலாம். கட்டுத்தறியிலிருந்து அவிழ்ப்பதிலிருந்து உங்கள் கண்முன் நடக்கட்டும். நான்கு குளம்பையும் தூக்கிப் பாருங்கள். வயிற்றுவாரை இறுக்கும்போது காதைப் பின்னால் மடக்கிக் கடிக்க வருகிறதா? துணைக் குதிரையை விட்டுத் தனியே வர அடம்பிடிக்கிறதா? பைக் சத்தத்துக்கும் நாய்க்கும் என்ன செய்கிறது? முதலில் அவர்கள் வீட்டுப் பிள்ளை ஏறட்டும், பிறகு உங்கள் மகள், கயிறு ஒருவர் கையில் இருக்க. இன்னொரு நாள், சொல்லாமல் போய் இதையே மறுபடி செய்யுங்கள். இந்த இரண்டாவது பார்வையைத் தவிர்க்கவே கூடாது.

பிடித்துவிட்டால், பணம் கொடுக்கும் முன் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். உங்களுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி எட்டும் தூரம்தான். கண், இதயம், கால், குளம்பு பார்ப்பதோடு கிளாண்டர்ஸ் நோய்க்கான ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். அது மனிதருக்கும் தொற்றும், தடுப்பூசி கிடையாது. டெட்டனஸ், ரேபிஸ் தடுப்பூசி போட்ட விவரமும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ரசீதில் நிறம், அடையாளம், உயரம், வயதோடு "7 வயதுக் குழந்தை ஏறுவதற்காக வாங்கப்பட்டது" என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் 16ஆம் பிரிவு இருக்கிறது. எதற்கு வாங்குகிறோம் என்பதை வியாபாரியிடம் சொல்லி, அவர் அனுபவத்தை நம்பி வாங்கினால், அந்தப் பயனுக்கு அது தகுதியாக இருக்க வேண்டும் என்கிறது அது. தொழிலாக விற்பவரிடம்தான் இது செல்லும். தனி ஆளிடம் வாங்கினால் "15 நாளில் பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்" என்று எழுதி வாங்குவதே காப்பு.

கேள்வி: சுழி சரியில்லை என்று சொல்லி ஒரு மட்டக்குதிரையை விலை குறைத்துத் தருகிறார்கள். எடுக்கலாமா?

பதில்: மேலே சொன்ன சோதனையில் தேறினால் தயங்காமல் எடுங்கள். சுழி என்பது முடி வளரும் திசை, குணத்தை அது சொல்லாது. ஒன்றை மட்டும் கணக்கில் வையுங்கள்: மகள் வளர்ந்து நீங்கள் விற்கும்போது வாங்குபவரும் சுழி பார்ப்பார், அப்போதும் விலை குறையும்.

கேள்வி: வாங்கிய பிறகு பெரிய செலவு எது?

பதில்: தீவனம். 200 கிலோ மட்டக்குதிரைக்கு நாளுக்கு 3 முதல் 4 கிலோ காய்ந்த புல் வேண்டும். வேலை குறைவான குதிரைக்குக் கொள்ளுத் தானியத்தை அள்ளிப் போடாதீர்கள், கொழுப்பேறிக் குளம்பு நோகும். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ வேண்டும். அதற்கு ஆள் கிடைப்பதுதான் கடினம், முதலில் அவரைத் தேடிக்கொண்டு குதிரையைத் தேடுங்கள். மகளுக்குக் குதிரையேற்றத் தலைக்கவசமும், அங்கவடியில் (சேணத்தில் தொங்கும் கால் வளையம்) கால் நழுவாதபடி சிறு குதி வைத்த ஷூவும் வாங்குங்கள். பைக் ஹெல்மெட் அவள் கழுத்துக்குக் கனம்.